மஞ்சத்தண்ணி அம்மாவின் முயல்

அவர் எங்களுக்கு எதைத் தந்தாலும் அது மேலேயிருந்துதான் விழும். நாங்கள் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு முழ உயரத்தில் அவருடைய கை வந்து நிற்கும். தேங்காயென்றால் தொப்பென்று விழும். வெற்றிலையென்றால் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விழும். ஊசி கேட்டால் நிலத்தில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய் நிற்பார். ஊசியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வருமாம். பகை வருவதற்கு முதலில் நெருங்கிப் பழகியிருக்க வேண்டாமா என்று எனக்குச் சிரிப்பு வரும்.

மல்லாவிக்குப் பக்கத்தில் குளத்துக் குடியேற்றத்திட்டத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் வயலும், வீடு இருந்த மேட்டுக்காணியும் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து புருசனோடு வந்து காடு வெட்டிய ஆட்கள். வந்த இரண்டாம் வருடமே புருசன் காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகனை வைத்துக்கொண்டு இவர் வயலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் எப்போதும் ஒரு செம்பில் மஞ்சள் கரைத்த தண்ணீர் இருக்கும், அதில் ஒரு வேப்பிலைக் கொத்து. யாராவது வந்து நின்றுவிட்டுப் போனால் நின்ற இடத்தில் தெளிப்பார். சங்கக்கடை மனேச்சர் கதிரையில் இருந்துவிட்டுப் போனால் கதிரைக்கு ஒரு குளிப்பு. நாய் படுத்த இடத்துக்கும் நாங்கள் நின்ற இடத்துக்கும் ஒரே அளவு தண்ணீர்தான், அதில் பாரபட்சம் காட்டியதில்லை. எங்கள் ஆட்கள் அவரை மஞ்சத்தண்ணி அம்மா என்பார்கள். காதுபடச் சொல்ல யாருக்கும் தைரியம் இருக்கவில்லை.

எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயம் எரிந்த பிறகு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஒரு லொறியில் ஏறி வன்னிக்கு வந்தோம். எனக்கு அப்போது பதினாறு வயது. மேட்டுக்காணியின் மூலையில் குடிசை போட இடம் தந்தது இந்த அம்மாதான். வேறு சிலர் தோட்டக்காட்டார் என்று சொல்லி எங்களை வேலியோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றிகெட்டவளாகிவிடுவேன். இடம் தந்த அன்றே சட்டமும் சொன்னார்.

"புளியமரத்துக்கு இஞ்சாலை வரப்படாது. கிணத்தைத் தொடப்படாது. குடத்தைக் கொண்டுவந்து வையுங்கோ, நான் அள்ளி ஊத்துவன்."

அப்படியே செய்தார். காலையில் ஐந்து குடம், பின்னேரம் ஐந்து குடம். கிணற்றுக் கப்பி கீச் கீச்சென்று அழும். அவர் மூச்சு வாங்க வாங்க இழுத்து, எங்கள் குடத்தில் வாளி படாமல் உயரத்தில் பிடித்து ஊற்றுவார். தீட்டுப் பார்க்கப்போய் எங்களுக்குத் தண்ணீர் சுமக்கிற ஆளாக அவரே ஆகிப்போனார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு சொல்வார்: "நம்ம தொரைகூட நமக்குத் தண்ணி மொண்டு ஊத்துனதில்ல."

மகன் தாய்க்கு நேர்மாறு. பின்னேரங்களில் எங்கள் குடிசைக்கு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ரொட்டி தின்பான். ஒருநாள் பிடிபட்டுவிட்டான். இருபது வயது தாண்டிய பிள்ளையைக் கிணற்றடியில் நிறுத்தி வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார். அவன் நடுங்கிக்கொண்டே சிரித்தான்.

"அம்மா, ரொட்டி வயித்துக்கை எல்லோ கிடக்கு. வாய்க்குள்ளையும் ஊத்துங்கோ."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சுட்ட ரொட்டியைக் கழுவத்தான் அத்தனை தண்ணீர் என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

எண்பத்துநாலாம் ஆண்டு அவன் ஜேர்மனிக்குப் போனான். போவதற்கு ஒரு கிழமைக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினான். முதலில் எங்கள் குடிசைக்குத்தான் வந்தான். பெட்டியைத் திறந்தால் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளை முயற்குட்டி. என் மண்தரையில் விட்டான். அது நாலு காலும் நேராக ஊன்றி, துள்ளித் துள்ளிப் போய் விறகுக்கு அடியில் பூந்துகொண்டது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு தேவைப்படும் என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

"அம்மா தனிச்சுப் போவா. எனக்குப் பதிலா இது இருக்கட்டும்" என்றான்.

"அம்மா இத உள்ள வுடுவாங்களா?"

"விடுவா பாருங்கோ. இது மச்சம் தின்னாது."

அவன் கணக்குத் தப்பவில்லை. மீனோ இறைச்சியோ வாயில் வைக்காத சீவன் என்பதால் அந்த முயல் ஒரே நாளில் புளியமரத்தைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டி உள்வீட்டுக்குள் போய்விட்டது. நான் ஏழு வருடமாகப் போகாத தூரம். எங்கள் முன்னாலேயே அதைத் தடவிக்கொண்டு சொல்வார்: "இது சைவம். உங்களைப்போலை இல்லை."

முயலிடம் பொறாமைப்பட்ட மனுசி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உள்வீட்டுத் தரை சிவப்புச் சீமெந்து போட்டு மினுக்கியது. நாளுக்கு மூன்று தரம் கழுவித் துடைப்பார். முகம் பார்க்கலாம். அந்தத் தரையில் குட்டி ஓட எத்தனிப்பதும் பின்கால்கள் இரண்டும் வழுக்கி அகலுவதும் வாசல் வழியாக எனக்குத் தெரியும். அது எழும்பும், திரும்பச் சறுக்கும். இப்படி ஒன்றரை மாதம். பிறகு எழும்புவதை விட்டுவிட்டது. பின்கால்கள் இரண்டு பக்கமும் தவளைக்குப் போல விரிந்தே நின்றுவிட்டன. முன்கால்களால் இழுத்து இழுத்து நகர்ந்தது.

வயல் வேலைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, கறிக்கும் உதவாத முயல், எங்கேயாவது காட்டோரமாக விட்டுவிடுங்கள் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு அடுத்த நாள் வேலை இருக்கவில்லை.

என் அப்பா தோட்டத்தில் துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை செய்தவர். துரையின் பிள்ளைகளுக்காக அங்கே முயல் வளர்த்தார்கள். சின்ன வயதில் நானும் அவற்றுக்குப் புல் வெட்டிப் போட்டிருக்கிறேன். அப்பா இரண்டு வருடத்துக்கு முன் இறந்திருந்தார், என் அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். எனக்குக் கல்யாணமாகி நாலு வருடம், பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் உழவு மெசினோடு தண்ணீரூற்று, முல்லைத்தீவு என்று போனால் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தலை காட்டுவார். ஆக, அந்த வளவின் ஒரு மூலையில் நான், மறு மூலையில் அவர், நடுவில் ஒரு புளியமரம். பேசுவதற்கு ஆளில்லாமல் இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் புளியடியில் நின்று கத்திச் சொன்னேன்: "அம்மா, சிமிந்தித் தரையில வுடாதீங்க. சாக்கு விரிச்சு அதுமேல வுடுங்க. பின்னங்காலு ரெண்டையும் துணியால லேசா சேத்துக் கட்டணுங்க."

"சாக்கோ? ஆரின்ரை கருவாட்டு மூட்டை கட்டின சாக்கோ தெரியாது" என்றார்.

ஆனால் அடுத்த நாள் வேலியில் ஒரு சாக்கு காய்ந்தது. ஏழு தரம் கழுவியிருப்பார். சாக்கின் நிறமே போய்விட்டது. அதற்குப் பிறகு தன் பழைய நூல்சேலையில் ஒரு கீலம் கிழித்து, இரண்டு கால்களுக்கும் நடுவே விரற்கடை இடம் விட்டு, நான் புளியடியில் நின்று சொல்லச் சொல்ல அவர் விறாந்தையில் இருந்து கட்டினார். இடது கால் கொஞ்சம் உள்ளே வந்தது. வலது கால் வரவேயில்லை. நேரம் பிந்திவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. முயல் மெலியத் தொடங்கியது. முள்முருக்கிலை, அறுகம்புல், கீரை என்று நாள் முழுக்கத் தின்றும் முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. அவர் ஒரு கிழமை தனக்குள் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு காலை என் குடத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு, வாளியைக் கீழே வைக்காமல் நின்றார்.

"பிள்ளை."

அதுவரை அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'உங்கை' என்பார், அல்லது தொண்டையைச் செருமுவார்.

"முயலுக்குக் கழிச்சல் நிக்கேல்லை. விடிய விடியப் பின்பக்கமெல்லாம் பிசுபிசுவெண்டு ஒட்டிக் கிடக்கு. நானும் சுடுதண்ணியிலை மஞ்சள் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வாறன். குறையுதில்லை."

சாக்கை எட்டத்தில் விரித்துக் காட்டினார். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அது கழிச்சல் இல்லை. சின்னச் சின்ன மணிகள், திராட்சைக் குலை போல ஒன்றோடொன்று ஒட்டி, பளபளவென்று.

"அம்மா, இது கழிச்சல் இல்லீங்க. மொயலு ரெண்டு வாட்டி சாப்பிடுமுன்னு எங்கப்பா சொல்லுவாரு. தின்ன எலையெல்லாம் முதல்ல இப்படித்தான் வரும். விடியக்காலையில அதுவே குனிஞ்சு பின்னாடியிருந்து வாயால எடுத்துத் தின்னுக்கும். இதுக்குக் காலு ஊன முடியல, குனிய முடியல. நீங்க கழுவி ஊத்துறீங்களே, அதுதாங்க அதோட சத்து. நம்மதான் கையில எடுத்து ஊட்டணும்."

அவருடைய முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. முதலில் ஒன்றும் விளங்காதது போல் பார்த்தார். பிறகு சாக்கை வெடுக்கென்று மடித்தார்.

"என்னை நையாண்டி பண்ணுறியோ?"

"ஐயோ இல்லீங்கம்மா..."

"எனக்குத் தெரியுமடி. இவ்வளவு காலமும் மனசுக்கை வைச்சிருந்து, இண்டைக்கு என்னைப் பீ அள்ள வைக்கப் பாக்கிறாய். போ அங்காலை!"

நான் போனேன். நான் சொன்னது அவ்வளவும் உண்மை. ஆனால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தபோது என் வயிற்றுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்ததையும் மறைக்கப் போவதில்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். கழுவு, கழுவு, உன்னுடைய சுத்தமே அதைத் தின்னட்டும் என்று நினைத்தேன். குடிசைக்கு வந்து குடத்தை இறக்கிய பிறகுதான் வாயில்லாச் சீவனை வைத்து வஞ்சம் தீர்க்கிறேனே என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

மூன்று நாள் பேச்சில்லை. தண்ணீர் மட்டும் நேரத்துக்கு ஊற்றினார். மூன்றாம் நாள் பின்னேரம் முயல் தலையைத் தரையில் வைத்துவிட்டுக் கிடந்தது வாசல் வழியாகத் தெரிந்தது.

நாலாம் நாள் விடிந்தும் விடியாமலும் குடத்தோடு புளியடிக்கு வந்தேன். அவர் வாசற்படியில் இருந்தார். மடியில் முயல், அதன் முதுகு அவர் வயிற்றோடு சாய்ந்திருந்தது. இடது கையால் அதன் பின்பக்கத்தை அடியில் தாங்கியிருந்தார். வலது உள்ளங்கை முயலின் வாயடியில் விரிந்திருந்தது. முகத்தை மட்டும் கிழக்குப் பக்கமாகத் திருப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "சிவ சிவ, சிவ சிவ" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முயல் மூக்கை ஆட்டி ஆட்டித் தின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு கண்ணைத் திறந்து உள்ளங்கையைப் பார்த்தார். வெறுங்கை. மற்றக் கண்ணையும் திறந்தபோது நான் நின்றேன்.

"வாய் பாத்துக்கொண்டு நிக்காதை. போ."

நான் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"வெளியாலை ஒருத்தரோடையும் கதைக்கப்படாது."

"சொல்ல மாட்டேங்க."

வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. எங்களுக்கிடையில் இருந்த முதல் உறவு அந்த இரகசியம்தான். அன்று அவர் சாம்பல் போட்டு, சவர்க்காரம் போட்டு, மஞ்சள் போட்டுக் கை கழுவினார். மத்தியானம் வரை கப்பிச் சத்தம் ஓயவில்லை. ஆனால் அடுத்த நாள் விடிய மறுபடி வாசற்படியில் இருந்தார். அதற்கடுத்த நாளும் இருந்தார். பத்து நாளில் கண்ணை மூடுவதை விட்டார். ஒரு மாதத்தில் முதுகெலும்பு உள்ளே போய், முயல் வாட்டசாட்டமாகிவிட்டது.

அதற்கு ஊட்டுவதற்கு முன் செம்புத் தண்ணீரில் கையை நனைத்து மஞ்சள் தேய்ப்பார், ஊட்டிய பின்னும் தேய்ப்பார். உள்ளங்கை இரண்டும் மஞ்சளாகவே நின்றுவிட்டன.

மகனின் கடிதங்கள் முதல் வருடம் மாதத்துக்கு ஒன்று வந்தன. தபாற்காரர் தொட்டது, முத்திரை குத்தியவர் தொட்டது, ஜேர்மனியில் யார் யாரோ தொட்டது என்று கடிதத்துக்கும் மஞ்சள்தண்ணீர் தெளிப்பார். மை ஊறிப் பாதி எழுத்துப் போய்விடும். மிச்சத்தை ஊகித்து முயலுக்கு வாசித்துக் காட்டுவார். "தம்பி என்ன எழுதியிருக்கிறான் தெரியுமே? 'அம்மா, இங்கே' எண்டு கிடக்கு. பிறகு 'குளிர்' எண்டு கிடக்கு. நடுவிலை என்னவோ." அந்த நடுவில் இருந்ததை நினைத்து நாள் முழுக்க இருப்பார். இரண்டாம் வருடம் கடிதங்கள் குறைந்தன. மூன்றாம் வருடம் வந்த ஒன்றே ஒன்றுக்கு அவர் தண்ணீர் தெளிக்கவில்லை. நான் புளியடியில் நின்று பார்த்தேன். செம்புப் பக்கம் போன கை திரும்பி வந்துவிட்டது.

எண்பத்தேழு மார்கழியில் அவருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. காலையில் குடத்தோடு போய் நின்றேன், கப்பிச் சத்தம் இல்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"பிள்ளை, உள்ளுக்கு வா. முயல் பசியோடை கிடக்கு."

புளியமரத்தைத் தாண்டியபோது கால் கூசியது. பத்து வருடம் பக்கத்தில் இருந்தும் நான் பார்க்காத வீடு. ஒரு கட்டில், ஒரு அலுமாரி, இரண்டு கதிரை, சுவரில் மகனின் படம். ஒரு தூசி இல்லை. ஒரு சத்தமும் இல்லை. இந்த வீட்டுக்குள் எப்படி இத்தனை வருடம் தனியாக இருந்தார் என்று நினைத்தேன்.

நாலு நாள் முயலுக்கு எல்லாம் நான்தான் செய்தேன். சாக்கு மாற்றினேன், பின்பக்கம் துடைத்தேன், விடிய ஊட்டினேன். செம்பு அவருடைய கட்டிலடியில் இருந்தது. "கையைக் காட்டு" என்பார், மஞ்சள்தண்ணீரை அதில் ஊற்றுவார், பிறகுதான் முயலைத் தொட விடுவார். நான் வைத்த கஞ்சியை அவர் குடிக்கவில்லை. இளநீருக்குத் தீட்டில்லை என்று அதை மட்டும் வெட்டித்தரச் சொன்னார். வெட்டி நிலத்தில் வைப்பேன், நடுங்கும் கையால் எடுத்து அண்ணாந்து குடிப்பார். பாதி கழுத்தில் வழியும். துடைத்துவிடக் கை நீட்டினால் சுவரோடு ஒதுங்குவார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. நான் குடிசைக்கு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். கப்பி அழத் தொடங்கியது. ஒரு வாளி, இரண்டு வாளி, பத்து வாளி. வீடு முழுக்க, நான் நின்ற இடம், இருந்த இடம், நடந்த இடம் எல்லாம் கழுவுகிறார். நிற்கவே வலுவில்லாத உடம்பு, நாலு வாளிக்கு ஒருமுறை சத்தம் நின்று பிறகு தொடங்கும். நான் அடுப்புக்கு முன்னால் இருந்து அழுதேன். புகையால் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

வீட்டுக்காரர் வந்தபோது சொன்னேன். "நாய் வாலை நிமுத்த முடியுமாடி?" என்று சிரித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

இரண்டு கிழமை நான் அந்தப் பக்கமே போகவில்லை. வாய்க்காலில் தண்ணீர் எடுத்தேன். ஒருநாள் அவர் முயலைத் தூக்கிக்கொண்டு புளியமரம்வரை வந்தார். மரத்துக்கு இந்தப் பக்கம் அவரும் வந்ததில்லை.

"இதுக்கு நகம் வெட்ட வேணும். பிடிக்க ஒரு ஆள் வேணும்."

மானமுள்ளவள் என்றால் மாட்டேன் என்றிருக்க வேண்டும். நான் போனேன். எனக்கும் வேறு யார் இருந்தார்கள்?

மரத்தடியில் சாக்கு விரித்து முயலைக் கிடத்தினோம். நான் அதன் தலைப்பக்கத்தைப் பிடித்தேன், அவர் கால்பக்கம் இருந்து நகம் வெட்டினார். ஊன்றாத கால் என்பதால் நகம் தேயாமல் வளைந்து வளர்ந்திருந்தது. வெட்டி முடிந்ததும் வலது காலை விரலால் நீவிக்கொண்டு குனிந்தபடியே கேட்டார்.

"பிள்ளை, இது பிறக்கேக்கையே இப்பிடியோ? இல்லாட்டி... என்ரை தரையாலையோ?"

என் மண்தரையில் அது நேராகத் துள்ளிய துள்ளல் எனக்குக் கண்ணுக்குள் நின்றது. பத்து வருடம் சேர்த்து வைத்த எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லில் பழி தீர்த்திருக்கலாம். கேட்டது முயலைப் பற்றி மட்டுமில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

"பொறப்புலயே அப்படித்தாங்க" என்றேன். "பெட்டியத் தெறந்தப்பவே பார்த்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. "ம்" என்றுவிட்டு முயலைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று நான் இருந்த இடத்தில் தண்ணீர் தெளித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

எண்பத்தொன்பதில் மகன் கூப்பிட்டுவிட்டான். கடிதம், கடவுச்சீட்டு, கொழும்பு என்று ஆறு மாதம் அலைச்சல். வயலை அவருடைய தமையனின் மகன் பொறுப்பெடுத்தான். அவரைக் கூட்டிப்போகவும் அவன்தான் வாடகைக்குப் பிடித்த வானோடு வந்தான். வான் ஒழுங்கையில் நின்று ஹோர்ன் அடித்தது. அவர் அன்றும் வீட்டைக் கழுவியிருந்தார். தலைவாசலைப் பூட்டிவிட்டு, முயலை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு புளியடிக்கு வந்தார்.

"விடிய மறந்திடாதை."

"மறக்க மாட்டேங்க."

"சாக்கு ஈரமாக் கிடக்கப்படாது. புண் வரும்."

"சரிங்க."

"கிணறு..." என்று நிறுத்தினார். "கிணத்திலை இனி நீயே அள்ளு."

நான் வழக்கம்போல இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினேன். அவருடைய கைகளும் வழக்கம்போல ஒரு முழ உயரத்தில் வந்து நின்றன. நின்றபடியே நின்றன. கால் விரிந்த முயலை மேலேயிருந்து போட முடியாது. பின்பக்கத்துக்கு அடியில் ஒரு கை தாங்காவிட்டால் இடுப்பு முறிந்துவிடும். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். நிலத்தில் வைக்கலாம் என்று பார்த்தால் முதல்நாள் மழை, புளியடியெல்லாம் சேறு.

"மாமி, கெதியா வாங்கோ!" என்று வானிலிருந்து சத்தம் வந்தது.

அவர் கையைத் தாழ்த்தினார். முயலோடு சேர்த்து அவருடைய கைகள் என் கைகளுக்குள் இறங்கின. அவருடைய கைக்கு அடியில் என் கை. கழுவிக் கழுவி வெடித்துப் போன கை அது, மரப்பட்டை மாதிரி இருந்தது. குளிர்ந்திருந்தது. முயலின் பாரம் என் கைக்கு முழுதாக வரும்வரை அவர் விடவில்லை. வந்த பிறகும் உடனே எடுக்கவில்லை. பிறகு ஒவ்வொரு விரலாக உருவிக்கொண்டார்.

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கிணறு பத்தடி தூரத்தில் இருந்தது. அந்தக் கப்பிச் சத்தத்தைக் கேட்க எனக்குப் பலமில்லை. விறுவிறென்று குடிசைப் பக்கம் நடந்தேன். காதைப் பொத்தலாம் என்றால் இரண்டு கையிலும் முயல். வாசலில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே காது கொடுத்துக் கேட்டேன்.

கப்பி அழவில்லை. வான் கதவு அடிபட்டது. வான் போனது.

முயலைச் சாக்கில் விட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். மத்தியான வெயிலில் வாளி காய்ந்து கிடந்தது. கயிறும் காய்ந்து கிடந்தது. வாசற்படியில் செம்புத் தண்ணீர் கலங்காமல் இருந்தது. கிணற்றுக்கட்டில், தொடக்கூடாத இடத்தில், நான் முதல்முறையாக இருந்தேன். பன்னிரண்டு வருடமாக எதற்காகப் பொருமினேனோ அது கிடைத்துவிட்டது. இதைப் போய்ச் சொல்ல அந்த வளவில் ஆள் இல்லை. சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை. வாய்விட்டு அழுதேன்.

அடுத்த நாள் விடிய முயலை மடியில் சாய்த்துக்கொண்டு, அடியில் ஒரு கையைக் கொடுத்து, மற்றக் கையில் எடுத்து நீட்டினேன். அது மூக்கை ஆட்டி மோந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. காய்ச்சல் நாட்களில் என் கையில் தின்ற முயல்தான். மறுபடி நீட்டினேன், மறுபடி திருப்பியது. அதன் உடம்பு நடுங்கியது. பசியோடு கிடந்து செத்துவிடுமோ என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்போதுதான் கட்டிலடிச் செம்பு நினைவுக்கு வந்தது.

முயலை இடுப்பில் அணைத்துக்கொண்டு அவருடைய வாசற்படிக்குப் போய், அவர் இருந்த இடத்தில் இருந்தேன். செம்பு அங்கேயே இருந்தது. இத்தனை வருடமும் நான் நின்ற இடமெல்லாம் தெளிக்கப்பட்ட தண்ணீர். அதில் கையை நனைத்தேன். அடியில் படிந்திருந்த மஞ்சளை வழித்து, உள்ளங்கை மஞ்சளாகும்வரை தேய்த்தேன். பிறகு நீட்டினேன்.

முயல் மோந்தது. நீண்ட நேரம் மோந்தது. பிறகு என் உள்ளங்கைக்குள் முகத்தை வைத்துத் தின்னத் தொடங்கியது.

அன்று மத்தியானம்வரை நான் கையைக் கழுவவில்லை.